இரவு இரண்டு மணி, காலை எட்டே முக்கால்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில் திருப்பூவனூர் என்னும் தலம் இருக்கிறது. அப்பர் பெருமானின் தேவாரப் பாடல் பெற்ற பதி. இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று திருநாமம். திருநெல்வேலிச் சீமையை ஆண்ட வசுதேவன் என்னும் மன்னனும் அவன் தேவி காந்திமதியும் மகப்பேறு வேண்டித் தவமிருந்தனர். தாமிரவருணியில் மிதந்து வந்த தாமரையில் சங்கு வடிவாகத் தோன்றிய அம்பிகை, அவர்கள் கரம் பட்டதும் குழந்தையானாள். ராஜராஜேஸ்வரி எனப் பெயரிட்டு வளர்த்தனர். சப்த மாதர்களில் ஒருத்தியான சாமுண்டி அவளுக்கு வளர்ப்புத் தாயாக வந்து சேர்ந்தாள். கலைகள் அனைத்தும் கற்றுத் தேர்ந்த அந்தப் பெண்ணைச் சதுரங்கத்தில் வெல்ல எவராலும் இயலவில்லை. ஆட்டத்தில் வெல்பவருக்கே மகளை மணமுடித்துத் தருவதென்று மன்னன் உறுதி பூண்டான். தலயாத்திரையாகப் பூவனூருக்கு வந்தபோது, சிவபெருமானே வேற்றுருவில் வந்து ஆடி வென்று அவளை மணந்தார் என்பது தலவரலாறு. சாமுண்டீஸ்வரிக்கு இத்தலத்தில் தனிச் சந்நிதி உண்டு.

2022 ஜூலையில், மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டியின் தொடக்க விழாவில் பிரதமர் இத்தலத்தைக் குறிப்பிட்டுப் பேசிய பிறகுதான், தமிழ்நாட்டிலேயே பலருக்கு இந்த ஊரின் பெயர் தெரிய வந்தது. ஆட்டத்தில் சிவபெருமான் வென்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அதில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. கல்வி கற்கும் பெண்ணுக்கு ஆட்டம் எதற்கு என்று அந்த அரண்மனையில் எவரும் கேட்டதாகத் தலவரலாறு சொல்லவில்லை. ஆடுகிற பெண் தனியே இருந்ததாகவும் சொல்லவில்லை. உடனிருந்து காக்க ஒருத்தி வந்தாள். அவளுக்கும் சந்நிதி எழுப்பியிருக்கிறார்கள்.

இதே திருவாரூர் மாவட்டத்தில்தான் கூத்தனூர் சரஸ்வதி அம்மன் கோயிலும் இருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும்போது பேனாவும் நோட்டும் ஏந்திய பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அங்கே வரிசையில் நிற்பார்கள். பிள்ளையின் படிப்புக்காக எத்தனை தொலைவும் செல்லத் தயங்காத குடும்பங்கள், அதே பிள்ளையின் ஆட்டம் என்று வரும்போது மட்டும் தயங்கி நின்றுவிடுகின்றன.

அந்தத் தயக்கம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாளில் வெளிப்படும். காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் வீட்டுக்கு வரும் நாள் அது. பத்தாம் வகுப்பில் படிக்கும் பெண். பள்ளியின் வாலிபால் அணியில் இருக்கிறாள். மாவட்ட அளவில் ஆடியும் இருக்கிறாள். கணக்கில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. தாய் ஒன்று சொல்கிறாள், தகப்பன் வேறொன்று சொல்கிறான். இருவரும் சலித்துப்போய், ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் பெரியவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். "நீங்களே சொல்லுங்கள் அப்பா" என்கிறான் மகன். பெரியவர் யோசிக்கிறார். "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுவிடட்டும். பரீட்சை முடிந்து அடுத்த வருஷம் ஆடிக்கொள்ளட்டுமே" என்கிறார். நியாயமான தீர்ப்பாகவே எல்லோருக்கும் படுகிறது. பெண் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள்.

அந்தப் பெரியவரைக் குறைசொல்ல எதுவும் இல்லை. அவருடைய தலைமுறையில் ஒரு குடும்பம் கிராமத்து ஓட்டு வீட்டிலிருந்து நகரத்து வாடகை வீட்டுக்கு வந்தது எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் பட்டியல் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான். ரயில்வே, தபால் இலாகா, வங்கி, ஆசிரியப் பணி என எந்தக் கதவும் அந்தத் தாளைக் கண்டே திறந்தது. பந்து விளையாடியவனுக்குச் சோறு கிடைத்ததாக அவர் கண்டதில்லை. நன்றாக ஆடிய நண்பர்கள் இருவர் மூவர் பிற்காலத்தில் என்ன ஆனார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய அச்சம் அனுபவத்தில் விளைந்தது. ஆனால் அவர் அறியாத கணக்கு ஒன்று இதில் இருக்கிறது.

பள்ளிகளுக்கிடையேயான தேசியப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. பத்தாம் வகுப்பு மாணவிக்கு வயது பதினைந்து. 17 வயதுப் பிரிவில் அவள் ஆடக்கூடிய ஆண்டுகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று இது. அடுத்த ஆண்டு அவள் மைதானத்துக்குத் திரும்பும்போது, ஓராண்டு இடைவிடாமல் பயின்ற பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். அதற்கடுத்து பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிடும். "இந்த ஒரு வருஷம்" என்ற அதே சொல் மீண்டும் வரும். வங்கியில் தொடர்வைப்புக் கட்டுகிறவர் ஒரு தவணை தவறினால் அபராதத்தோடு பிறகு கட்டிவிடலாம். பதினைந்து வயது உடம்பு கட்டத் தவறிய தவணையைப் பதினேழு வயதில் பெற்றுக்கொள்ள எந்த மைதானத்திலும் கவுன்ட்டர் இல்லை. நிறுத்தச் சொன்ன பெரியவர் ஓராண்டைத்தான் கேட்டார். போனது ஆட்டம் முழுவதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆட்டத்தை நிறுத்தினால் அந்த இரண்டு மணி நேரம் படிப்புக்கு வந்துவிடும் என்று வீட்டார் எதிர்பார்க்கிறார்கள். பல வீடுகளில் அந்த நேரம் செல்பேசிக்குப் போய்ச் சேர்கிறது. பிடித்ததைப் பறிகொடுத்த பிள்ளை, பறித்த காரணத்தின்மீது அன்பு கொண்டு அமர்ந்து படிக்கும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு ஒத்ததாக இல்லை.

இவ்விடத்தில் சென்னைச் சிறுவர் ஒருவரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். நெற்றியில் திருநீறு துலங்கச் சதுரங்கப் பலகை முன் அமரும் பிரக்ஞானந்தாவை அறியாத வீடு இன்று அநேகமாக இல்லை. 2005 ஆகஸ்டில் பிறந்தவர். 2018இல், பதின்மூன்று வயது நிறைவதற்கு முன்பே கிராண்ட்மாஸ்டர் ஆனார். தந்தை வங்கி அலுவலர். மகள் வைஷாலி தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே அவரைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் பலகை முன் அமர்ந்துவிட்டார். ஒரு பிள்ளைக்கே செலவு தாங்காதபோது இன்னொரு பிள்ளையுமா என்று தந்தை முதலில் தயங்கியதாகச் செய்திகள் உண்டு. வங்கிக்காரருக்கு வரவு செலவு முதலில் கண்ணில் படுவது இயற்கைதானே! அந்தத் தயக்கத்தைக் கடந்து வந்த குடும்பத்தில், உடன்பிறந்த அக்காளும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆனார்கள்; உலகிலேயே அப்படி ஆன முதல் இணை அவர்கள்தாம்.

2022 மே மாதம், இணையவழியே நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் என்னும் போட்டியில் பிரக்ஞானந்தா ஆடினார். வீட்டில் இருந்தபடியே ஆடலாம்; ஆனால் ஆட்டநேரம் ஐரோப்பியக் கடிகாரத்தைப் பின்பற்றியது. அரையிறுதியில் எதிரே அமர்ந்தவர் நெதர்லாந்தின் அனீஷ் கிரி. நான்கு ஆட்டங்களின் முடிவில் இருவரும் சமநிலையில் இருக்க, சமன்முறிவு ஆட்டங்களில் பிரக்ஞானந்தா வென்றார். இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியச் சிறுவரிடம் மகிழ்ச்சி பற்றிக் கேட்டார்கள். மணி இப்போது இரண்டாகிறது, எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன மறுமொழியின் சாரம். காலையில் அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வு இருந்தது. இறுதிப் போட்டியில் சீன வீரர் டிங் லிரனிடம் சமன்முறிவில் தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் செய்தியைப் படித்த பலர், "பார், அவன் இரண்டையும் செய்கிறான், உனக்கு என்ன?" என்று வீட்டுப் பிள்ளையிடம் கேட்டிருப்பார்கள். அது தவறான கேள்வி. இரவு இரண்டு மணிக்கும் காலை எட்டே முக்காலுக்கும் இடையே உள்ள நேரத்தை அந்தச் சிறுவர் ஒருவராகக் கடக்கவில்லை. எழுப்பிவிட ஒருவர் வேண்டும். உணவு ஆயத்தமாக இருக்க வேண்டும். பள்ளியில் ஆசிரியர்கள் நிலைமை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். தாயார் நாகலட்சுமி மின்னடுப்பும் பாத்திரமும் அரிசியும் பொடிவகைகளும் எடுத்துக்கொண்டு நாடு நாடாக உடன்சென்று, மகனுக்குச் சாதமும் ரசமும் சமைத்துப் போட்டவர். 2023இல் பாகு நகரில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது, மகனைச் சுற்றிச் செய்தியாளர்கள் நிற்க, சற்றுத் தள்ளிப் புன்னகையோடு நின்ற அந்த அம்மையாரின் படம் உலகெங்கும் பரவியது. சதுரங்கம் ஆடத் தெரியாவிட்டாலும், ஆடுகிற பிள்ளைக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எல்லோருக்கும் ஒரே வழி என்றும் கிடையாது. விஸ்வநாதன் ஆனந்த் பதினாறு வயதில் தேசிய சாம்பியன். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். அத்துடன் லயோலா கல்லூரியில் வணிகவியல் பட்டமும் பெற்றார். ஆறு வயதில் அவருக்குக் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாயார். குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முறையான பள்ளிப் படிப்பை விட்டு முழுநேரமும் ஆடினார். காது, மூக்கு, தொண்டை மருத்துவரான தந்தை தம் தொழிலைக் குறைத்துக்கொண்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார் குகேஷ். அந்த வழி அவருக்குப் பலித்தது. அதைக் காட்டி மற்றொரு வீட்டுப் பிள்ளையின் பள்ளியை நிறுத்துவது கூடாது. அவ்வாறு நிறுத்திப் பலிக்காமற்போன பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வருவதில்லை.

காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனையும் இங்கே நினைக்கலாம். கையில் குறைபாட்டோடு பிறந்த பெண், தந்தையே பயிற்சியாளர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தபோதே, 2024 பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கால்நடை மருத்துவம் என்பது ஒப்புக்குப் படிக்கிற படிப்பன்று.

ஆகவே, பெரியவரிடம் தீர்ப்புக் கேட்டு வரும்போது "நிறுத்து" என்றும் "ஆடு" என்றும் இரண்டு சொற்கள் மட்டுமே இருப்பதாக அவர் எண்ண வேண்டியதில்லை. "குறைத்துக்கொள்" என்றொரு சொல் இருக்கிறது. வாரம் ஆறு நாள் பயிற்சியை நான்காக்கலாம். வெளியூர்ப் போட்டிகளில் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தவிர்க்கலாம். பொங்கலுக்குப் பிறகு பொதுத்தேர்வு முடியும் வரை, உடம்பு இறுகிவிடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பயிற்சி போதும் என்று பயிற்றுநரிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாம். பேசினால் பெரும்பாலான பயிற்றுநர்கள் ஒப்புக்கொள்வார்கள். பேசாமல் திடீரென்று நின்றுவிடும் பிள்ளைகளைத்தான் அவர்களால் மீண்டும் அணியில் சேர்க்க முடிவதில்லை.

ஆடுகிற பிள்ளை படிப்பில் பின்தங்குவதற்கு நேரக்குறைவைவிட, தவறவிட்ட வகுப்புகளே பெரிய காரணம். ஐந்து நாள் போட்டிக்குப் போய் வந்தால், கணக்கில் ஒரு பாடம் நடந்து முடிந்திருக்கும். அதை யாரும் மறுபடி நடத்தமாட்டார்கள். அடுத்த பாடம் அதன்மேல் ஏறி அமரும். பேத்தி ஊரில் இல்லாத நாளில் தோழியின் நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுத்து வைப்பது, அந்தப் பாடத்தைச் சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரிப்பது ஆகியவை ஓய்வுபெற்ற தாத்தாவால் ஆகக்கூடிய காரியங்கள்.

உறக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு. அதிகாலை ஐந்து மணிக்கு மைதானம், இரவு பதினொன்றரை வரை பாடப் புத்தகம் என்று ஓடும் பிள்ளை இரண்டு பக்கமும் இழக்கும், காயமும் படும். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு ஆகியவற்றோடு பொழுதுபோக்கையும் சேர்த்தே, இவையெல்லாம் அளவோடு அமைந்தவனுக்கு யோகம் துன்பம் நீக்கும் என்கிறார் பகவான். குறைவாக உறங்குவதையும் அவர் மிகையாக உறங்குவதோடு ஒரே தட்டில்தான் வைக்கிறார். விழித்துப் படிப்பதைத் தவமாகக் கருதும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. பேரனுக்குத் தேர்வு வருகிறது, போட்டி வருகிறது என்று அவனையே ஏகாதசி உபவாசம் இருக்கச் சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுவரை உபவாசம் இருக்கலாம் என்பது வழக்கில் சொல்லப்படுவதுதான். ஆனால், காலை முழுவதும் வெயிலில் ஓடிவிட்டு வரும் பிள்ளை தண்ணீரும் அருந்தாமல் இருப்பது விபரீதத்தில் முடியலாம். பெண் பிள்ளைகளுக்கு இரத்தச்சோகை எளிதில் வரும் வயது இது என்பதையும் மறக்கலாகாது. பிள்ளைக்காகப் பெரியவர்களே விரதமிருந்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வருவதுதானே? பாட்டி இருக்கும் சஷ்டி விரதத்தின் பலன் பேரனுக்குச் சேராது என்று முருகப்பெருமான் கணக்குப் பார்ப்பவரல்லர். பேரனுக்கு அன்று கேழ்வரகுக் கூழும் வாழைப்பழமும் கொடுக்கலாம்.

இதுவரை சொன்னது ஆட விரும்பும் பிள்ளைக்கு. இதைவிடக் கடினமான நிலை ஒன்று இருக்கிறது. ஆட்டம் போதும் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டு, சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளையின் நிலை அது. தகப்பன் விடுப்பு எடுத்து ஊர் ஊராக அழைத்துப் போயிருக்கிறான். தாய் நகையை அடகு வைத்துப் பயிற்சிக் கட்டணம் கட்டியிருக்கிறாள். தான் இளமையில் அடைய முடியாததை மகன் அடைய வேண்டும் என்ற ஏக்கமும் தகப்பனுக்கு இருக்கலாம். இத்தனையும் தெரிந்த பிள்ளை எப்படி வாய் திறக்கும்? அது போட்டிக்கு முந்தின நாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். முழங்காலில் வலி என்று சொல்லும். மருத்துவரிடம் போனால் ஒன்றும் இல்லை என்பார். தோற்று வந்தால் அழாமல் நிம்மதியாக உறங்கும். இந்த அடையாளங்கள் பெற்றோர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. அவர்கள் அடுத்த போட்டியின் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரவில் கால் பிடித்துவிடும்போதோ, கோயிலில் மூன்றாம் பிராகாரம் சுற்றிவிட்டுக் கொடிமரத்தடியில் அமர்ந்திருக்கும்போதோ, அந்தப் பிள்ளை பாட்டியிடம் வாய் திறக்கும். "பாட்டி, நான் இனிமேல் போகல." அவ்வளவுதான் சொல்லும். அந்த நேரத்தில், "ஏன் கண்ணா, அப்பா எவ்வளவு செலவு பண்ணியிருக்கார்!" என்று கேட்டுவிட்டால், அந்தக் கதவு அத்தோடு சாத்திக்கொள்ளும். பிள்ளை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பது முதல் வேலை. ஒரு தோல்வியின் சோர்வா, பயிற்றுநரின் கடுமையா, உண்மையிலேயே விருப்பம் போய்விட்டதா என்பது இரண்டு மூன்று நாள் பேச்சில் தெரிந்துவிடும். அடி, வசவு, தகாத நடத்தை போன்றவை ஏதும் இருப்பதாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளையை அங்கிருந்து அழைத்துவந்துவிட வேண்டும். விருப்பம்தான் போயிற்று என்றால், அதை மகனிடம் பக்குவமாகச் சொல்வதும் பெரியவரின் பொறுப்பு. தகப்பன் சொல்லைத் தட்டாத மகன்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் செல்வாக்கைச் செலவழிக்க இதைவிடத் தக்க தருணம் வாய்ப்பது அரிது.

தொடர்ந்து ஆடுகிற பிள்ளைகளின் வீட்டில் தாத்தாக்கள் பொறுப்பேற்கத் தக்க வேலை இன்னொன்று உண்டு. அது காகிதங்களைக் காப்பது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநில அரசுப் பணிகளில் அவர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. மைதானத்தில் ஓடியவனுக்குச் சோறு கிடையாது என்ற காலம் சற்றே மாறியிருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. ஆனால், எந்த அமைப்பு நடத்திய போட்டி, அது அங்கீகாரம் பெற்றதா, சான்றிதழ் உரிய படிவத்தில் உரியவர் கையொப்பத்தோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதற்கு மதிப்பெண் இடுவார்கள். வீட்டுக் கூடத்தில் வரிசையாக நிற்கும் கோப்பைகள் எல்லாம் அங்கே செல்லா. ஆகவே, ஒரு போட்டிக்குப் பணம் கட்டுமுன்பே அது எந்தச் சங்கத்தின் சார்பில் நடக்கிறது என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நலம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தேசிய அல்லது சர்வதேசப் போட்டியும் பொதுத்தேர்வும் ஒரே நாளில் வந்தால், பின்னொரு நாளில் அந்தத் தேர்வை எழுத வாரியம் வாய்ப்பளிக்கிறது. போட்டி அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வேண்டும். போட்டி அட்டவணை கைக்கு வந்த அன்றே பள்ளி அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது நல்லது. கடைசி நாளில் போய் நின்றால் எந்த அலுவலகமும் கைவிரிக்கும்.

சான்றிதழ்களைப் பளபளப்பாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்துவிட வேண்டாம். பின்பக்கம் முத்திரையோ மேலொப்பமோ இட வேண்டியிருந்தால் இயலாமற்போகும். பிளாஸ்டிக் உறைகள் கொண்ட கோப்பு ஒன்று வாங்கி, ஆண்டுவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்து வைத்தால் போதும். மூலச் சான்றிதழை யார் கேட்டாலும் ஒப்புகை பெறாமல் கொடுக்கலாகாது.